வாண்ட்ஸ்வொர்த் ஆலயச் சுவரில் ஹென்றி ஸ்மித்: கொடையாளர் நினைவுச்சின்னத்தைப் படிக்கும் முறை

வந்த கேள்விகள் இரண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்குச் சொத்து எழுதிவைத்த ஹென்றி ஸ்மித்துக்கு, லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில் ஆல் செயின்ட்ஸ் ஆலயத்துச் சுவரில் இருக்கும் நினைவுச்சின்னம் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? அவர் நாயைக் கூட்டிக்கொண்டு பிச்சைக்காரர் வேடத்தில் ஊர் ஊராகத் திரிந்தார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அதோடு ஒட்டிய இன்னொன்று: இங்கிலாந்தின் பழைய ஆலயங்களில் இப்படிப்பட்ட கொடையாளர் சின்னங்களைப் பார்க்கப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது?

நாய்க்கதையை நம்ப வேண்டாம். கல்லை நம்பலாம், ஆனால் அதை ஒரு கணக்கு அறிவிப்பாக எடுத்துக்கொண்டு நம்ப வேண்டும். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகளுக்குச் சொத்து எழுதிவைத்தவரின் சின்னத்தில் சிற்பத்தைவிட எழுத்துதான் முக்கியம். யாருக்கு எவ்வளவு, எந்த நோக்கத்துக்கு என்று ஊரார் கண்ணில் படும்படி வெட்டிவைத்துவிட்டால், பின்னால் வரும் அறங்காவலர் அதை விழுங்குவது கொஞ்சமாவது கடினமாகும். நம் கோயில் கல்வெட்டில் "சந்திராதித்தவரை" என்று நிவந்தத்தைப் பொறித்துவைத்ததும் இதே கவலையால்தான்.

ஸ்மித்தின் கல்வெட்டு நீளமானது. லண்டன் மாநகரின் குடிமகனாகவும் ஆல்டர்மேனாகவும், அதாவது மாநகர ஆட்சியின் மூத்த உறுப்பினராகவும், இருந்தவர், 1627 ஜனவரி 30 அன்று, 79 வயதை நெருங்கும்போது காலமானார் என்று தொடங்குகிறது. இங்கேயே முதல் பொறி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே கல்லில் ஜனவரி 1627 என்றிருந்தால் நம் கணக்குப்படி அது ஜனவரி 1628. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழும் எந்தத் தேதியையும் ஓர் ஆண்டு தள்ளித்தான் படிக்க வேண்டும். உயில் முதலில் எழுதப்பட்டதா, இறப்பு முதலில் வந்ததா என்ற குழப்பமெல்லாம் பெரும்பாலும் இதைக் கவனிக்காததால் வருவதுதான். ஸ்மித்தின் உயில் 1627 ஏப்ரலைச் சேர்ந்தது. தேதியைத் திருத்திக்கொள்ளாமல் படித்தால், செத்து மூன்று மாதம் கழித்து அவர் உயில் எழுதியதாகிவிடும்.

அடுத்து தொகைகள். உயிரோடு இருந்தபோதே சர்ரே மாவட்டத்தின் ஐந்து ஊர்களுக்கு, அதாவது க்ராய்டன், கிங்ஸ்டன், கில்ஃபோர்ட், டார்க்கிங், ஃபார்ன்ஹம் ஆகியவற்றுக்கு, தலா 1,000 பவுண்டு. உயில் மூலம் ரைகேட்டுக்கு 1,000. ரிச்மண்டுக்கு 1,000 பவுண்டு மதிப்புள்ள ஒரு கடன் பத்திரம். தாம் பிறந்த வாண்ட்ஸ்வொர்த்துக்கு 500. துருக்கியரின் கொடுமையில் சிக்கிய ஏழைக் கைதிகளை மீட்க நிலம் வாங்குவதற்கு 1,000. கூட்டினால் 8,500 பவுண்டு. இதற்கு மேல், சொத்தின் பெரும்பகுதியையும் ஏழைகளுக்காகவே விட்டுச் சென்றார் என்று ஒரு வரி. கடைசியில், செல்வம் படைத்த மற்றவர்களும் இவரைப் பார்த்து நடக்கட்டும் என்று ஒரு புத்திமதி.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லும் எடை போட்டுப் போட்டது. "உயிரோடு இருந்தபோது கொடுத்தது" என்பதும் "உயிலால் கொடுத்தது" என்பதும் வேறு வேறு. முதலாவது கைமாறிவிட்ட பணம். இரண்டாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர் மனது வைத்தால், கடன்களெல்லாம் தீர்ந்த பின் சொத்து மிஞ்சினால், வந்து சேரும் பணம். ரிச்மண்டுக்குக் கிடைத்தது அதிலும் ஒரு படி கீழே. கடன் பத்திரம் என்றால் யாரோ ஸ்மித்துக்குத் தர வேண்டிய பாக்கி. வசூல் ஆனால்தான் பணம். கல்லில் எல்லாத் தொகையும் ஒரே அளவு எழுத்தில் நிற்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். படிக்கிறவர்தான் ரொக்கம், உயில், பாக்கி என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பணம் எதற்கு? "ஏழைகளின் நிவாரணத்துக்கும், அவர்களை வேலையில் அமர்த்தவும்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. இது பக்திப் பேச்சு மாதிரி தெரிந்தாலும் சட்ட மொழி. 1601இல் முதலாம் எலிசபெத் காலத்தில் வந்த ஏழைகள் சட்டம் ஒவ்வொரு பங்கும் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) தன் ஏழைகளுக்கு வேலைக்கான பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு வந்த அறப்பணிச் சட்டத்தின் முகவுரை, எவையெல்லாம் அறப்பணி என்று ஒரு பட்டியல் போட்டது. கைதிகளை மீட்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஸ்மித்தின் உயிலை எழுதியவர்கள் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய நோக்கங்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள் என்பது கல்லிலேயே தெரிகிறது.

துருக்கியர் என்றால் இங்கே அல்ஜீயர்ஸ், தூனிஸ், சலே துறைமுகங்களிலிருந்து வந்த கடற்கொள்ளையர். ஆங்கிலக் கப்பல்களை மடக்கி மாலுமிகளை அடிமைச் சந்தையில் விற்பது அன்றைக்கு வாடிக்கை. 1631இல் அயர்லாந்தின் பால்டிமோர் கிராமத்துக்குள்ளேயே இறங்கி மக்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தேம்ஸ் கரையில் இருந்த பங்குக்கு இது எங்கோ நடந்த செய்தி அல்ல.

"நிலம் வாங்கி, என்றென்றைக்கும்" என்பது அடுத்த முக்கியமான சொல். 1,000 பவுண்டை அப்படியே பங்கிட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. முதல் அசையாமல் இருக்க வேண்டும், வாடகை மட்டும் செலவாக வேண்டும். நிலத்தின் விலை அதன் இருபது ஆண்டு வருமானம் என்பது அக்காலத்தில் பொதுவாகச் சொல்லப்பட்ட கணக்கு. அதை வைத்துப் பார்த்தால் 1,000 பவுண்டு நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 பவுண்டு தரும்.

பல சிறிய கொடைகள் அழிந்ததற்கும் ஸ்மித்தின் கொடை பிழைத்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் நடுத்தரக் கொடையாளர் நிலம் வாங்கிக் கொடுக்க மாட்டார். தம் வயலின் மேல் ஒரு நிலையான வருடத் தொகையைச் சுமத்திவிடுவார். ஆலயப் பலகைகளில் அடிக்கடி வரும் தொகை 2 பவுண்டு 12 ஷில்லிங். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக 52 ஷில்லிங். வாரம் ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். ஒரு பென்னி ரொட்டி வீதம் ஞாயிறுதோறும் 12 பேருக்கு. கொடுக்கும்போது நல்ல கணக்கு. ஆனால் தொகை அப்படியே நிற்க, ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது. இருநூறு ஆண்டுகளில் பன்னிரண்டு ரொட்டி இரண்டு மூன்றாகத் தேய்ந்துவிடும். வயல் கைமாறிக் கைமாறி, புதுச் சொந்தக்காரர் "எனக்குத் தெரியாது" என்று கைவிரித்த இடங்களும் நிறைய. நிலமாக இருந்த கொடையில் வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறியது. ஆகவே எந்தச் சின்னத்தின் முன் நின்றாலும் முதலில் கேட்க வேண்டியது, கொடுத்தது நிலமா, நிலத்தின் மேல் சுமத்திய நிலையான தொகையா என்பதுதான். சிற்பியின் பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

ஸ்மித் விஷயத்தில் நிலம் என்ன செய்தது என்று பாருங்கள். கைதிகளுக்கான 1,000 பவுண்டையும், உயிலில் தம் உறவினர்களில் மிக ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இன்னொரு 1,000 பவுண்டையும் சேர்த்து, 1640இல் அறங்காவலர்கள் கென்சிங்டன், செல்சி பக்கம் நிலம் வாங்கினார்கள். அன்றைக்கு அது வயலும் தோட்டமும். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் அங்கே வந்து சேர்ந்தது. பெல்ஹம் க்ரெசன்ட், ஆன்ஸ்லோ ஸ்கொயர் என்று இன்று உலகத்திலேயே விலை கூடிய வீடுகள் நிற்கும் தெருக்கள் அந்த நிலத்தில் எழுந்தவை. அந்தப் பெயர்களும் அறங்காவலர் குடும்பங்களின் பெயர்கள்தாம். கொடுத்தவரை விட்டுவிட்டு, காவல் காத்தவர்களின் பெயரைத் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள்! 1995இல் அந்தச் சொத்து வெல்கம் டிரஸ்ட்டுக்கு விற்கப்பட்டது. ஸ்மித்தின் பெயரிலான அறக்கட்டளை இன்றும் நிதி வழங்கிக்கொண்டிருக்கிறது. கல்வெட்டில் கைதிகளைப் பற்றிய அந்த வரிதான் படிக்கிறவர்களுக்கு மிக வினோதமாகப் படுவது. பின்னால் மிகப் பெரிய சொத்தாக வளர்ந்ததும் அந்த வரியிலிருந்த பணம்தான்.

மீட்கக் கைதிகளே இல்லாமல் போனபோது பணம் குவிந்துகொண்டே போனது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடாளுமன்றச் சட்டம் கொண்டுவந்துதான் அதை ஏழை உறவினர் பக்கம் திருப்ப முடிந்தது. நோக்கத்தை மிகக் குறுக்கி எழுதினால் இப்படித்தான் ஆகும். நிலத்தில் காட்டிய முன்யோசனை நோக்கத்தில் இல்லை.

கல்லில் இல்லாதது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். 1620இலேயே அவர் தம் சொத்து முழுவதையும் அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, தம் செலவுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு அவர்களோடு தகராறு வந்து, அறக்கட்டளை வழக்குகளை விசாரித்த சான்சரி நீதிமன்றம் வரை போனார். இதைப் பற்றிக் கல்வெட்டில் மூச்சு இல்லை. பணம் எப்படி வந்தது என்பதும் இல்லை: வட்டிக்குக் கடன் கொடுத்தார், நிலம் வாங்கினார். ரிச்மண்டுக்குப் போன அந்தக் கடன் பத்திரம் மட்டும்தான் கல்லில் அந்தத் தொழிலின் தடயம்.

கொடையின் நிபந்தனைகளும் கல்லில் கிடையாது. அவை பத்திரத்தில் இருக்கின்றன, கறாரானவை. பெறத் தகுந்தவர்கள்: வயதானவர்கள், உழைத்தும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத தம்பதியர், அநாதைகள். தொழில் பழகப் போகும் பிள்ளைகளுக்கும் உதவி உண்டு. குடிகாரர், திருடர், வாயைத் திறந்தால் சபிப்பவர், நாடோடிகள், வேலை கொடுத்தும் செய்யாதவர்கள், பங்கில் ஐந்து ஆண்டு குடியிருக்காதவர்கள் ஆகியோருக்குக் கிடையாது. கொடுப்பதும் ரொக்கமாக அல்ல. ஒரே நிறத்தில் அடையாளச் சின்னம் தைத்த உடை, அல்லது ரொட்டியும் இறைச்சியும் மீனும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும். வாங்குகிறவரின் மானம் போவதைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை. கணக்கு ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கவலை. உதவி பெறும் ஏழைகள் தோளில் ஓர் எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1697இல். ஸ்மித்தின் விதி அதற்கு எழுபது ஆண்டு முந்தியது. ஆண்டுதோறும் சர்ச்வார்டன்கள், அதாவது பங்கின் கணக்கைப் பார்த்த பொறுப்பாளர்கள், கணக்கு காட்ட வேண்டும் என்றும் இருந்தது. சர்ரே கிராமங்களில் "ஸ்மித் கொடை" என்ற வரியோடு பலகைகள் நிற்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இனி நாய்க்கதை. "நாய் ஸ்மித்" பிச்சைக்காரராக வேடமிட்டுச் சர்ரே முழுக்கச் சுற்றினாராம். சர்ரேயில் மிட்சம் (Mitcham) என்ற ஊரில் அவரை நாடோடி என்று சாட்டையால் அடித்தார்களாம். அந்த ஒரு ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கொடை எழுதினாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்லில் பெயர் வரும் ஊர்களை எண்ணிப் பாருங்கள், பத்துகூட இல்லை. சிறு கிராமங்களுக்கான பங்கீட்டை அவர் இறந்த பிறகு அறங்காவலர்கள் செய்தார்கள். ஏதாவது ஊர் விடுபட்டிருந்தாலும் அது அவர் முதுகில் விழுந்த அடிக்குப் பழி ஆகாது. ஆல்டர்மேனாக இருந்து, பெரிய மனிதர்களுக்குக் கடன் கொடுத்தவர் எழுபது வயதுக்கு மேல் நாயோடு திரிந்தார் என்பதற்குப் பத்திரங்களில் இடமே இல்லை.

இந்தக் கதை ஸ்மித்துக்கென்று பிறந்ததும் இல்லை. தேம்ஸ் கரையிலேயே, லாம்பெத் ஆலயத்தில் கண்ணாடி ஜன்னலில் ஒரு தலைச்சுமை வியாபாரியும் நாயும் இருந்தார்கள். ஆற்றோரத்தில் ஒரு நிலத்தை ஆலயத்துக்குக் கொடுத்தவர் அவர் என்பது கதை. அந்த நிலத்தின் மேல் பின்னால் லண்டன் கவுன்டி ஹால் கட்டிடம் எழுந்தது. நார்ஃபோக்கில் ஸ்வாஃபம் ஆலயத்தில் மரச்செதுக்கலில் இன்னொரு வியாபாரி, இன்னொரு நாய். அங்கே உண்மையில் இருந்தவர் ஜான் சாப்மன், 1462இல் சர்ச்வார்டன், வடபுற இடைகழியைக் கட்டப் பணம் கொடுத்தவர். சாப்மன் என்றால் சிறுவியாபாரி. பெயரைச் சித்திரமாகச் செதுக்கினார்கள், சித்திரத்திலிருந்து கதை கிளம்பியது. பெரும் கொடை எங்கே இருந்தாலும் "இவனுக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது" என்ற கேள்விக்கு ஊர் ஒரு வியாபாரியையும் நாயையும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில செய்முறைகள். ஆல் செயின்ட்ஸின் நடுக்கட்டிடம் 1779–80இல் திரும்பக் கட்டியது, பீடப்பகுதி அதற்கும் பிந்தியது. ஸ்மித் சின்னமோ 17ஆம் நூற்றாண்டு. சுவரைவிடச் சின்னம் பழையது என்றால், அது கழற்றி மாட்டப்பட்டது என்று பொருள். ஆகவே "இங்கே உடல் கிடக்கிறது" என்று எழுதியிருப்பதை வைத்து நேர் கீழே கல்லறை என்று நினைக்கக் கூடாது. கழற்றி மாட்டும்போது துண்டுகள் தொலையும், தூண்கள் இடம் மாறும், கேடயச் சின்னங்கள் தப்பான நிறத்தில் திரும்பப் பூசப்படும். இணைப்புகளில் சாந்தின் நிறம் வேறுபடுகிறதா, மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே கல்லா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

எழுத்தைப் படிக்க நேர் வெளிச்சம் உதவாது. கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் நிழல் விழுந்து தேய்ந்த எழுத்தும் எழும்பும். கல்லில் எப்படி வரி மடிகிறதோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யு, வி ஒன்றுக்கொன்று மாறி வரும். ஐ, ஜே அப்படியே. திருத்தி எழுதாதீர்கள். டார்க்கிங் ஊரைக் கல்லில் வேறு எழுத்துக்கூட்டலில் காண்பீர்கள், அதையும் இருந்தபடியே எடுங்கள். எழுத்தின் கறுப்பு மை பின்னால் திரும்பத் திரும்பப் பூசப்பட்டிருக்கலாம். பூசினவர் தப்பாகப் படித்திருந்தால் எண்ணே மாறிவிடும். சந்தேகம் வந்தால் மையை விட்டுவிட்டு வெட்டின் அடிப்பள்ளத்தை நம்புங்கள். கல்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுக்க வேண்டாம். நல்ல புகைப்படம் போதும்.

பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது. 1858க்கு முந்தைய பணக்காரர் உயில்கள் பெரும்பாலும் கான்டர்பரி உயில் நீதிமன்றப் பதிவுகளில், க்யூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும். 1786இல் ஒவ்வொரு பங்கும் தன் கொடைகளை நாடாளுமன்றத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. 1818 முதல், அரசியல்வாதி ஹென்றி ப்ரூயம் பெயரால் அறியப்படும் விசாரணைக் குழு ஊர் ஊராகப் போய், எந்தக் கொடை உயிரோடு இருக்கிறது, எது தொலைந்தது என்று எழுதியது. கல்லும் உயிலும் இந்த அறிக்கையும் மூன்றும் ஒத்துப்போனால் தொகையைத் தயங்காமல் ஏற்கலாம். கல்லில் இருந்து அறிக்கையில் இல்லை என்றால் இடையில் யாரோ தின்றிருக்கிறார்கள், அல்லது பணம் வந்தே சேரவில்லை. இரண்டில் எது என்பதைப் பங்கின் பழைய கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். சர்ரே ஊர்களுக்கு வோக்கிங்கில் உள்ள சர்ரே வரலாற்று மையம் சரியான இடம்.

கடைசியாகப் பராமரிப்பு. இக்காலச் சின்னங்களில் அலபாஸ்டர் அதிகம். பளிங்கு மாதிரி தெரியும், ஆனால் அது ஜிப்சம். தண்ணீரில் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்கு. ஈரத்துணியால் துடைத்தால் மெருகு மங்கக்கூடும். பல ஆண்டு துடைத்தால் முகத்தின் மூக்கும் விரலின் கணுவும் மழுங்கிவிடும். நல்ல மனதோடு சுத்தம் செய்யக் கிளம்பியவர்களால் ஆன சேதம்தான் நிறைய. தூசியைத் தட்ட மிருதுவான தூரிகை போதும், அதுவும் வண்ணப்பூச்சு செதிலாக எழும்பியிருந்தால் கூடாது. எண்ணெய், மெழுகு, ப்ளீச் எதுவும் வேண்டாம்.

சுவரோடு பிடித்துவைத்த இரும்புக் கிளாம்புகள்தான் மறைமுக எதிரி. ஈரம் ஏறி இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பிக் கல்லை உள்ளிருந்து பிளக்கும். விளிம்பிலிருந்து நேராக ஓடும் புது விரிசல், அதைச் சுற்றிப் பழுப்புக் கறை என்றால் பெரும்பாலும் இதுதான். அடியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் சுவர் வழியே உப்பு வருகிறது. கூரைத் தண்ணீர்க்குழாய் அடைப்பு, வெளியே மண்மட்டம் உயர்ந்தது, சிமென்ட் பூச்சு இந்த மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். ஈரத்தை நிறுத்தாமல் கல்லைச் சரிசெய்தால் சில ஆண்டுகளில் திரும்பவும் வரும். முறையான வேலையில் சின்னத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வைத்து, சுண்ணாம்புச் சாந்தில், சுவருக்கும் கல்லுக்கும் இடையே காற்று ஓட இடம் விட்டு மாட்டுவார்கள். கிராம ஆலயங்களில் வௌவால் சிறுநீர் அலபாஸ்டரையும் பித்தளையையும் அரிப்பது இன்னொரு தொல்லை. வௌவால்கள் சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் நினைத்தபடி விரட்டவும் முடியாது. சின்னத்தை மெல்லிய துணியால் மூடிவைப்பதுதான் நடைமுறை.

சின்னத்தைக் கழற்றிச் சரிசெய்யும் வேலையைப் பங்குக் குரு தானாகச் செய்துவிட முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையில் ஃபேக்கல்டி என்ற அனுமதியை மறைமாவட்டத்தின் சபை நீதிமன்றத்தில் பெற வேண்டும். சட்டப்படி சின்னத்தின் உரிமை ஆலயத்துக்கு இல்லை, அதை எழுப்பியவருக்கும் பிறகு நினைவுகூரப்பட்டவரின் வாரிசுக்கும்தான். நாலு நூற்றாண்டு ஆன பின் வாரிசைத் தேடுவது ஒப்புக்குத்தான் என்றாலும், தேடியதாகக் காட்டாமல் மனு நகராது.